குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை

மட்டாஞ்சேரி அரண்மனைக் காட்சிக்கூடத்தில் பல்லக்குகள் இருக்கின்றன. யானை மேல் வைக்கும் அம்பாரி இருக்கிறது. அரச குடைகளும் வாள்களும் இருக்கின்றன. ஒரு சேணமோ கடிவாளமோ மட்டும் என் கண்ணில் படவில்லை. கூட வந்த நண்பர் கால்நடை மருத்துவர். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தவர், கிண்டி குதிரை லாயங்களில் சில காலம் வேலை பார்த்தவர். மற்றவர்கள் எல்லாரும் பள்ளியறைச் சுவரில் இருக்கும் ராமாயண ஓவியங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் பல்லக்குத் தண்டின் முன்னால் நின்று, “இந்த ஊர்ல மனுஷன் தோள்தான்யா குதிரை” என்றார்.

சும்மா சொன்ன பேச்சில்லை அது. 14-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையோரம் பயணம் போன இப்னு பதூதா, இங்கே யாரும் விலங்கின் மேல் ஏறிப் போவதில்லை, அரசரிடம் மட்டுமே குதிரை உண்டு, வசதியுள்ளவர்கள் பல்லக்கிலும் மற்றவர்கள் நடந்தும் போகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பத்தடிக்கு ஒரு வாய்க்காலும் வாய்க்காலுக்கு ஒரு தென்னந்தடிப் பாலமும் உள்ள நாட்டில் நாலு கால் பாய்ச்சலுக்கு வேலை ஏது? இந்த மாளிகையை 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த போர்ச்சுகீசியரும் சரி, 1663-ல் ஊரைப் பிடித்து இதைச் செப்பனிட்ட டச்சுக்காரரும் சரி, மிளகுக்காக வந்தவர்கள். மிளகு படகில் போகும்.

இப்போது மட்டாஞ்சேரியில் குதிரை இருக்கிறது. நாங்கள் வந்ததே அதைப் பார்க்கத்தான். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பக்கம் இருக்கும் ஒரு டாக்டர், நண்பருக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒரு முன்னங்கால் குளம்பு, நுனி நீண்டு, செருப்பு முனை மாதிரி மேலே வளையத் தொடங்கியிருந்தது. மழை தொடங்கியதிலிருந்து நொண்டுகிறது என்று சொந்தக்காரர் சொன்னாராம். நண்பருக்கு எப்படியும் திருச்சூரில் ஒரு வேலை இருந்தது. நான் ஒட்டிக்கொண்டேன்.

எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சி, அங்கிருந்து ஆட்டோ. வழியில் தோபிகானாவைக் காட்டி, “நிங்ஙளுடே ஆளுகள்” என்றார் ஆட்டோக்காரர். துணி துவைக்க டச்சுக்காரர்கள் கொண்டுவந்து குடியேற்றியதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே கல்லில் துணி அடிக்கின்றன, நல்ல தமிழும் பேசுகின்றன. யூதத் தெருவையும் 1568-ல் கட்டிய தொழுகைக்கூடத்தையும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். பஜார் ரோட்டில் சுக்கு வாசனையும் மிளகு வாசனையும் மாறி மாறி வந்தன. ஒரு பழைய கிடங்கின் பின்பக்கச் சந்தில் திரும்பியதும் இரண்டும் அடங்கிப் போய், வேறு ஒரு வாசனை வந்தது. ஈரச் சாணி, குதிரைச் சிறுநீர்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை, நாட்டு ரகம், முதுகு என் தோள் உயரம். நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். குதிரை இரண்டு முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி வைத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது சோம்பல் முறிப்பதாகத்தான் தெரிந்தது.

“எத்தனை நாளா இப்படி நிக்குது, தம்பி?”

பையனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. கடற்கரையில் சவாரிக்கு விடுகிறான், கல்யாண ஊர்வலத்துக்கும் போவான். “மழ தொடங்கியப்போ தொட்டு, டாக்டர் சாரே. காலில் ஈரம் பிடிச்சதாணு.”

நண்பர் பதில் சொல்லவில்லை. குதிரையின் தோளருகே போய், வால் பக்கம் பார்த்து நின்று, கழுத்தில் கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு கை தோளிலிருந்து முழங்கால் வழியாக மெல்ல இறங்கிக் குளம்புக்கு மேலே உள்ள கணுவுக்கு வந்தது. கணுவின் பின்பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாடி. நல்ல குதிரைக்கு அந்த இடத்தில் துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டுமாம். இதற்கு விரல் பட்டதுமே தட்டியது. குளம்புச் சுவரிலும் சூடு தெரிந்தது.

காலைத் தூக்கித் தன் இரு தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சின்னக் கொக்கியால் அடியைக் கிளறினார். சாணி, மணல், வைக்கோல் எல்லாம் ஒரே கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், பக்கத்தில் நின்ற கிடங்குக் கூலியாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குளம்பின் அடியில் குதிகாலிலிருந்து முன்னோக்கி முக்கோணமாக ஒரு நெகிழ்வான பகுதி உண்டு. டாக்டர்கள் ஃப்ராக் என்கிறார்கள். அதன் நடுப்பிளவு விரல் முனை நுழையும் அளவுக்கு அழுகி, கறுப்பாகக் கசிந்தது. இதற்குத் த்ரஷ் என்று பெயர். சாணியில் நின்றே பொழுது போக்கும் குதிரைக்கு வருவது. காய்ந்த தரையும் தினமும் கிளறிச் சுத்தம் செய்வதும் இருந்தால் போய்விடும். நண்பரைக் கவலைப்படுத்தியது அதுவல்ல. குளம்பின் வெளிச்சுவரில் வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. நுனிப் பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் விரிந்தும்.

“இந்தக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு தேதி” என்றார். குளம்பு மயிர்க்கோட்டிலிருந்து கீழ்நோக்கி மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. ஏதாவது கோளாறு நேர்ந்த சமயத்தில் வளர்ச்சி தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் வரியாகப் பதிந்து, மாதா மாதம் கீழே இறங்கிக்கொண்டே வரும். அவர் கட்டை விரலால் அளந்து பார்த்தார். “நாலு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு? மழைக்கு முன்னாடி?”

பையன் யோசித்தான். கல்யாணக் காலம். ஒரு வீட்டில் ஊர்வலம் முடிந்து குதிரையைப் பின்கட்டில் கட்டியிருந்தார்கள். “அவிடே நெய்ச்சோறு குறே கொடுத்து சாரே. அவளுக்கு இஷ்டமாணு” என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தான். மற்ற நாள் தீனி கோதுமைத் தவிடு, கொள்ளு, சர்க்கரை. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். சவாரிக்கு வருகிறவர்கள் பன்னும் ஐஸ்கிரீமும் ஊட்டுவது தனிக்கணக்கு. புல் எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை விரித்தான். கொச்சியில் புல்லுக்கு எங்கே போவது?

நெய்ச்சோறு என்றதும் எனக்கு மார்க்கோ போலோ ஞாபகம் வந்தது.

1290-களில் பாண்டிய நாட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன கதை இது. ஹோர்முஸ், கீஷ், தோஃபார், ஏடன் துறைமுகங்களிலிருந்து அரபு வணிகர்கள் காயல் கரையில் குதிரைகளை இறக்குகிறார்கள். ஓர் அரசர் மட்டும் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குகிறார், பொன்னைக் கொட்டி. ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை. ஏன்? குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. வேக வைத்த அரிசியையும் இறைச்சியையும் போடுகிறார்கள். லாடம் அடித்துக் குளம்பு பார்க்கிற ஆளே இல்லை. அப்படிப்பட்ட ஆளை வணிகர்கள் கூட்டி வருவதுமில்லை, தானாக வரப் பார்த்தாலும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு விற்பனை! நல்ல சாதிப் பெட்டைக்கும் ஆண் குதிரைக்கும் பிறக்கிற குட்டிகூட இங்கே கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

போலோ சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிற ஆள் அவர். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப்பும் கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்று கணக்குச் சொல்கிறார். தீனி சரியில்லை, வந்த வேகத்தில் வீணாகின்றன என்பதும் அவர் புலம்பல். விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் நூனிஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சாளுவ நரசிம்மர் ஹோர்முஸ் குதிரைகளை உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் காசு என்று வாங்கினாராம். கடலிலேயே செத்ததற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். நம்மூர்க் கதையைச் சொல்லவே வேண்டாம். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழிக்க, வந்து சேர்ந்த பரிகள் ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகி ஓடின. கஜானாக் கணக்குப்பிள்ளை பார்வையில், ஒரே வருடத்தில் செத்துப்போன அரபுக் குதிரைக்கும் நரிக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

போலோ வந்தபோது கொச்சி பேர் சொல்லும்படியான துறைமுகமாக இல்லை. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முகத்துவாரத்தை மாற்றிய பிறகுதான் இந்தக் கரைக்குக் கப்பல் திரும்பியது என்பார்கள். ஆனாலும் குதிரை வியாபாரத்தில் மலையாளக் கரைக்குப் பழைய பங்கு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கொடை கொடுத்துப் பெயர் பொறித்துக்கொண்டு. மலையைத் தாண்டிக் குதிரையைக் கிழக்கே கொண்டுபோய் விற்றவர்கள். இந்தப் பையனிடம் குதிரை எங்கே வாங்கியது என்று கேட்டேன். “அந்தியூரிலிருந்து மேடிச்சது” என்றான். ஈரோடு மாவட்டத்தில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை. கேரளத்திலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். எழுநூறு எண்ணூறு வருடத்தில் வியாபாரம் திசை மாறிவிட்டது. மாறாதது ஒன்று: வாங்கும்போது பல்லைப் பார்த்தான், சுழியைப் பார்த்தான், நடையைப் பார்த்தான், சேணமும் கடிவாளமும் சேர்த்துப் பேரம் பேசினான். குளம்பு சீவ யாரைக் கூப்பிடுவது என்று விற்றவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

ராத்திரி காயீஸ் ஓட்டலில் பிரியாணியை முடித்துவிட்டு விடுதித் திண்ணையில் உட்கார்ந்தோம். மழை விட்டபாடில்லை. நண்பர் ஒரு பழைய பில்லின் முதுகில் குளம்பைக் குறுக்குவெட்டாக வரைந்தார்.

குதிரை நிற்பது ஒரு விரலில். நம் நடுவிரலுக்குச் சமமான விரலின் கடைசி எலும்பு, கிண்ணம் போன்ற குளம்புக்குள் இருக்கிறது. அந்த எலும்பு குளம்பின் தரையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் நாம் நினைப்போம். இல்லை, சுவரிலிருந்து தொங்குகிறது. காளான் குடையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் தெரியுமே, அந்த மாதிரி மடிப்புகள் 550 முதல் 600 வரை குளம்புச் சுவரின் உட்புறம் முழுக்க ஓடுகின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேல் குட்டி மடிப்புகள். எலும்பின் மேலிருக்கும் மடிப்பும் சுவரின் மடிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிடித்துக்கொள்கின்றன. முந்நூறு நானூறு கிலோ உடம்பு அந்தப் பிடியில் நிற்கிறது, அதிலும் பாதிக்கு மேல் பாரம் முன்னங்கால்களில். அந்தப் பிடி வீங்கித் தளர்வதுதான் லாமினைட்டிஸ். ரொம்பத் தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி, குளம்பின் அடித்தட்டையே துளைத்துக்கொண்டு வந்துவிடும். பெண் குதிரை குதிகாலில் நின்றதன் காரணம் புரிந்தது. நுனியில் பாரம் விழாமல் தப்பிக்கப் பார்க்கிறது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பொலிட் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த ஒரு வியாதியையே பல பத்தாண்டுகள் துருவியிருக்கிறார்கள். மாவுச்சத்தோ புல்லில் இருக்கும் சர்க்கரைச் சத்தோ அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் பெருங்குடலில் நொதித்து அமிலமாகி, அந்தக் குழப்பம் ரத்தம் வழியாகக் குளம்புக்கு வருகிறது என்பது பழைய பாடம். 2007-ல் அங்கே செய்த இன்னொரு சோதனை எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. நல்ல உடல்நிலையில் இருந்த மட்டக் குதிரைகளுக்கு ரத்தச் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டு, இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்று நாளுக்குள் நாலு காலிலும் லாமினைட்டிஸ். குடலில் கோளாறு இல்லை, தரையில் கோளாறு இல்லை. தவிடும் வெல்லமும் பன்னும் வருஷக்கணக்கில் தின்று கொழுத்த குதிரைக்கு ஒரு ராத்திரி நெய்ச்சோறு போதும் என்று ஆகிவிட்டது. போலோவின் அரிசிச் சோற்றுப் புலம்பலை இனி அத்தனை சுலபமாகத் தள்ள முடியாது.

“அப்ப மழை?” என்று கேட்டேன். ஊரே ஊறிக் கிடக்கிறது, குளம்பு மட்டும் ஊறாதா?

அதற்கும் ஆஸ்திரேலியாவிலிருந்தே பதில் இருந்தது. பிரம்பி எனப்படும் காட்டுக் குதிரைகளை பிரையன் ஹாம்ப்சன் என்ற ஆய்வாளர் சேற்று நிலத்திலும் வறண்ட பாலையிலும் தேடிப் போய்ப் பார்த்தார். சுவரின் ஈரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், 30 சதவீதத்தை ஒட்டி. அடித்தட்டுதான் ஈரத்தை வாங்குகிறது. காட்டுக் குதிரை என்றால் குளம்பு கச்சிதமாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் உடைத்தார், அவற்றிலும் லாமினைட்டிஸ் தடயம் நிறையவே கிடைத்தது. அதனால் மழையைத் திட்டிப் பிரயோசனமில்லை. மழைத் தண்ணீர் வேறு, சாணியும் மூத்திரமும் ஊறிய கொட்டகைத் தரை வேறு. பின்னதில்தான் கிருமி வாழ்கிறது.

இந்த இடத்தில் நண்பரோடு எனக்குச் சின்னத் தகராறு. எல்லாப் பழியையும் வளர்ப்பின் மேல் போட்டுவிட முடியுமா? குதிரைகளைக் கொத்தாகச் சாகடிக்கும் சர்ரா என்ற ரத்த நோயின் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்ததே 1880-ல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில்தான். அதைப் பரப்புவது ஈ. பாண்டியனின் லாயத்தில் செத்ததில் எத்தனை ஈயால், எத்தனை சோற்றால், எத்தனை காலால் என்று யார் பிரித்துச் சொல்வது? நண்பர் அதை ஒப்புக்கொண்டார். ஆனால், “ஈ கடிச்சுச் செத்தா விதி. கால் பழுதாகிச் செத்தா, பக்கத்துல ஒருத்தன் இருந்திருக்கணும்” என்றார்.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் பார்பரோ. 2006-ல் கெண்டக்கி டெர்பி ஜெயித்த குதிரை, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மருத்துவமனையில் எலும்பைத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். மயக்கம் தெளியும்போது காலை உதைத்து மறுபடி உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று நீச்சல் குளத்தில் மிதவையில் வைத்து எழுப்பினார்கள். உடைந்த கால் தேறியும் வந்தது. ஆனால் அத்தனை நாள் பாரத்தைத் தனியாகச் சுமந்த மற்ற பின்னங்காலில் லாமினைட்டிஸ். கடைசியில் முன்னங்கால்களுக்கும் பரவி, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

மறுநாள் காலை மண்ணுத்தி டாக்டர் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு வந்து சேர்ந்தார். படத்தில் எலும்பு சுவரை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. துளைக்கும் கட்டமில்லை. இரண்டு டாக்டர்களும் அப்போதுதான் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் இந்தப் பயணத்தில் பார்த்த நல்ல காட்சி. நண்பர் பையனைத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு விரட்டினார், “ரெண்டு தெர்மோகோல் மீன் பெட்டி வாங்கிட்டு வா, கெட்டியானதா பாரு.” ஸ்கூட்டரில் பெட்டி வந்தது, இறால் நாற்றத்தோடு. அதன் அடிப்பலகையை உள்ளங்கை கனத்துக்கு வெட்டி, குளம்பை அதன் மேல் வைத்துச் சுற்றிலும் பேனாவால் வரைந்து, கத்தியால் செதுக்கி, அகலமான ஒட்டு டேப்பைச் சுற்றிச் சுற்றி முன்னங்கால் இரண்டிலும் கட்டினார். குதிரை பாரத்தைப் போட்டதும் தெர்மோகோல் நசுங்கி, அடியின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி பதிந்துகொண்டது. நுனிச் சுவரில் விழுந்த பாரம் இப்போது அடி முழுக்கப் பரவுகிறது. குதிரை ஒரு நிமிடம் சும்மா நின்றது. பிறகு நீட்டிய காலை ஒரு சாண் உள்ளே இழுத்து வைத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. தலையைத் தாழ்த்தி, என் சட்டைப் பையை முகர்ந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே ஃபோம் அட்டைகள் விற்கிறார்களாம். கொச்சியில் மீன் பெட்டி.

ஐஸ் விஷயமும் அப்படித்தான். குயின்ஸ்லாந்துக்காரர்கள் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லாமினைட்டிஸ் வரப்போகிறது என்று தெரிந்த குதிரைகளின் ஒரு காலை மட்டும் இரண்டு நாள் ஐஸ் தண்ணீரில் வைத்திருந்து, மற்றக் காலோடு ஒப்பிட்டார்கள். குளிரில் இருந்த கால் தப்பித்தது. அதற்குப் பின் உலகம் முழுக்க ஐஸ் வைத்தியம் சாதாரணமாகிவிட்டது. இந்தக் குதிரைக்கு அந்தக் கட்டம் எப்போதோ போய்விட்டது. நெய்ச்சோறு தின்ற ராத்திரியே செய்திருக்க வேண்டும். “அடுத்த தடவை எங்கயாவது மூட்டையைப் பிரிச்சுத் தின்னுட்டா, என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஐஸ் பிளாண்டைக் கூப்பிடு” என்று பையனிடம் சொன்னார். ஐஸுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பையன் தலையாட்டினான்.

மற்றதெல்லாம் பொறுமைக் கணக்கு. வெல்லமும் பன்னும் நிறுத்தம், தவிடு பேருக்கு. காய்ந்த புல்லை வாங்கித் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து போட வேண்டும், சர்க்கரைச் சத்து கொஞ்சம் கரைந்து போகும். சிமெண்டின் மேல் ஆழமாக மணல். சவாரி கிடையாது, கல்யாணம் கிடையாது. நான்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நுனியைக் குறைத்துச் சீவ வேண்டும், ஒரே தடவையில் அல்ல. மயிர்க்கோட்டிலிருந்து புதுச் சுவர் கெட்டியாக இறங்கித் தரையைத் தொட 9 முதல் 12 மாதம். அதுவரை மருந்துக்கடையில் வாங்குவதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. பையனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசி போட்டுச் சரி பண்ண முடியாதா என்று இரண்டு விதமாகக் கேட்டான்.

சரி, சீவுவது யார்? இங்கேதான் கதை முட்டுகிறது. ராணுவத்தின் கால்நடைப் படைக்கு லாடம் அடிக்கிறவர்கள் உண்டு, பந்தயக் குதிரைகளுக்கும் உண்டு. ஹிசாரில் 1980-களிலிருந்து தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. நோய்க்குத் தடுப்பூசி, நாட்டு இனங்களைக் காப்பது என்று நிறையச் செய்கிறது. ஆனால் 2012-ல் ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்த நாட்டின் குதிரை, மட்டக் குதிரைக் கணக்கு 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாக இறங்கிவிட்டது. குறைகிற பிராணிக்கு யார் தொழில் கற்றுக்கொள்வார்கள்? மெட்ராஸ் கால்நடைக் கல்லூரி 1903-ல் தொடங்கியபோது ஊரெல்லாம் ஜட்கா ஓடியது. இன்று படிக்கிற பிள்ளைகள் பார்ப்பது மாடு, ஆடு, கோழி, நாய். சந்தைக்குச் சந்தை போகிற மாட்டு லாடக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் மாட்டுக்குப் பிளந்த குளம்பு, இரண்டு தகடு, வேறு கணக்கு. அந்தக் கையோடு குதிரைக்கு ஆணி அடித்தால் ஆணி உயிர்ச்சதையில் இறங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்குக் கூட இந்தச் சங்கடம் தெரிந்திருக்கிறது. 1808-ல் வங்காளக் குதிரைப் பண்ணைக்குத் தலைவராக வந்த வில்லியம் மூர்கிராஃப்ட், முறையாகக் கால்நடை மருத்துவம் படித்த முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர். இங்கே வருவதற்கு முன்பே, 1800-ல் அவர் எழுதிய புத்தகம் குதிரைக்கு லாடம் அடிக்கும் முறைகளைப் பற்றித்தான். லாடத்தை மெஷினில் செய்து விற்கப் பார்த்து நஷ்டமும் பட்டார். நல்ல குதிரை தேடி புகாரா வரை போய், 1825-ல் திரும்பும் வழியில் இறந்தார். ஒரு குளம்பு நிபுணர் தப்பித் தவறி நாட்டுக்குள் வந்தார், அவரையும் குதிரை வாங்கத்தான் அலைய விட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். லாடமே வேண்டாம், வெறுங்காலே நல்லது என்று இப்போது ஒரு கட்சி இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பவ்கர் செய்த ஆய்வுகளை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஃப்ராக்குக்கு மேலே உள்ள மெத்தைத் திசு, சிறு வயதில் வெறுங்காலோடு நிறைய நடந்த குதிரைக்குத்தான் உறுதிப்படுகிறது, அடி வைக்கும்போதெல்லாம் ரத்தம் அங்கே பாய்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்பவை அவர் கண்டவை. நண்பர் எந்தக் கட்சியிலும் இல்லை. சவாரியே இல்லாத குதிரைக்கு லாடச் சண்டை எதற்கு, சீவ ஆள் இருந்தால் போதும் என்றார்.

கடைசியில் அந்தியூர்ப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்தார். அப்பா காலத்திலிருந்து குதிரைக் குளம்பு பார்க்கிறவர், சொந்தமாகக் குறடு, அரம், வளைகத்தி எல்லாம் வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டார்.

“கொச்சிங்களா? ஒரு குதிரைக்கு அவ்வளவு தூரம் வந்து கட்டுப்படியாகாதுங்க டாக்டர். பஸ் காசு, ரெண்டு நாள் பொழப்பு. அஞ்சு குதிரை சேத்து வச்சீங்கன்னா மாசம் ஒருக்கா வந்துர்றேன்.”

பையன் விரல் விட்டு எண்ணினான். இவனுடையது ஒன்று. கோட்டைக் கொச்சியில் கூடச் சவாரி விடுகிற சினேகிதனுடையது ஒன்று. வைப்பின் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஒன்று. மூன்று. பள்ளுருத்தியில் ஒருத்தரிடம் இரண்டு இருக்கிறது, ஆனால் அவரோடு ஒரு கல்யாண ஆர்டர் விஷயத்தில் தகராறாகி வருஷமாகிறது, பேச்சுவார்த்தை கிடையாது என்றான்.

“நம்பரைக் கொடு, நான் பேசறேன்” என்று நண்பர் கையை நீட்டினார்.